செகாவா சயோகோவின் காரை நான் அசலாக்கிய விதம்

ஒரு நாகரிகம் போரினாலோ வெள்ளத்தினாலோ அழிவதில்லை. அதைக் காக்க வேண்டியவர்கள் ஒரு கணம் அசந்துபோவதால்தான் அழிகிறது. வரலாற்றில் அப்படி அசராமல் நின்றவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவனாக என்னை நான் கருதுகிறேன். நான் காத்து நின்றது, ஒரு காரில் காப்பிக் குவளை வைக்க இடமில்லாதிருந்த நிலையை.

ஆய்வாளர் ஐயா, நீங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்த வாக்குமூலத்தைப் படித்தேன். பிழையில்லாமல் இருக்கிறது. ஆனால் நான் சொன்ன சொற்களை ஆங்காங்கே மாற்றியிருக்கிறீர்கள். 'கழற்றினேன்' என்று சொன்னதை 'சேதப்படுத்தினேன்' என்று போட்டிருக்கிறீர்கள். மாற்றம் செய்யப்பட்ட எதன்மீதும் நான் என் முத்திரையை வைப்பதில்லை. ஆகவே இதை என் கையாலேயே எழுதித் தருகிறேன். பார்லித் தேநீருக்கு நன்றி. இரண்டாவது குவளை சற்று ஆறியிருந்தது, அதைக் குறையாகச் சொல்லவில்லை.

என் பெயர் முனகதா. வயது அறுபத்தாறு. நகர அலுவலகத்தில் குடும்பப் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்தேழு ஆண்டுகள் இருந்தேன். எது அசல், எது நகல் என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. ஓய்வு பெற்ற மறுமாதமே மேட்டுநிலப் பழங்கார் மரபுச் சங்கத்தின் அசல்தன்மை ஆய்வுக்குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். குழுவில் மூன்று பேர். ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருவர் கூட்டத்தில் கொடுக்கும் சோற்றுருண்டைக்காக வருபவர். எனவே குழு என்றால் நான்.

ஊருக்கு மேலே, மேட்டுநிலத்தில், முன்பு ஆப்பிள் தரம் பிரித்த கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து எங்கள் வண்டிகளை நிறுத்தியிருந்தோம். கொட்டகைச் சாவி ஒன்று என்னிடமும் இருந்தது. கொட்டகையிலிருந்து ஊருக்கு இறங்கும் மலைச்சாலையில் பதினேழு வளைவுகள். இதை நீங்கள் அறிவீர்கள், அளந்து பார்த்தீர்கள்.

சங்கத் தலைவர் தோரியுமி திருமண மண்டபம் வைத்திருப்பவர். அவருடைய வெள்ளைக் காருக்குத்தான் நான் முதல் எண்ணிட்ட அசல் சான்றிதழ் கொடுத்தேன். ஆகஸ்டு மாதத்திலும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டுவார். இறங்கும்போது நெற்றியில் ஒரு துளி வியர்வை இருக்காது. அதை நான் மன உறுதி என்று எடுத்துக்கொண்டேன். என் காரும் அதே கொட்டகையில்தான். இருபத்திரண்டு ஆண்டுகளில் அதன் மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. ஊர்வலத்துக்குப் போவதானால் லாரியில் ஏற்றித்தான் இறக்குவோம். டயர் தேய்வதும் ஒரு மாற்றம்தான் என்பது என் கருத்து.

இப்போது செகாவா சயோகோவைப் பற்றி. அவர்மீது எனக்கு எந்த வன்மமும் கிடையாது. ஐம்பத்து மூன்று வயது, மேட்டுநிலத்தில் குடியிருந்து கீழே நகர நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருபவர். முப்பது ஆண்டுகளாகத் தண்ணீருக்கு மேலே கத்திக் கத்திப் பழகியதால், அவர் சாதாரணமாகப் பேசினாலே எதிரிலிருப்பவருக்கு மூச்சைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். எங்கள் உறுப்பினர் ஒருவர் இறந்தபோது, அவருடைய மகன் அந்தக் காரை, 1966ஆம் ஆண்டின் நீலநிற இரண்டு கதவுக் காரை, சங்கத்திடம் கேட்காமல் இவருக்கு விற்றுவிட்டான்.

அந்தக் காரில் ஒற்றை இலக்க எண் தகடு இருந்தது. ஒரு வண்டி முதன்முதலாகப் பதிவான வட்டாரத்தைவிட்டு ஒருபோதும் வெளியே போகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. வேறு வட்டாரத்துக்காரர் வாங்கிப் பெயர் மாற்றினால் அந்தக் கணமே தகடு பறிபோகும், நீளமான புது எண் வந்துவிடும். எங்கள் மாவட்டத்தில் அப்படிப்பட்ட தகடு நான்கோ ஐந்தோதான் மிச்சம். உறுப்பினர்கள் சிலர் கொட்டகைக்குள் வரும்போது அந்தத் தகட்டுக்குத் தலை தாழ்த்துவார்கள். நான் இடுப்பு வரை குனிவேன்.

சயோகோ தம் முதல் மாதக் கூட்டத்துக்கு, நூடுல்ஸ் கடை மாடிக்கு, நீச்சல் வகுப்புத் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அதன் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது.

"வண்டில என்னென்ன மாத்தலாம்னு எழுதிட்டு வந்திருக்கேன். எல்லாத்தையும் ஒரே நேரத்துல செய்ய முடியாது. எதை முதல்ல செய்யலாம்னு நீங்க பெரியவங்க சொல்லுங்க."

பதினெட்டு பேர் நூடுல்ஸ் உறிஞ்சுவதை ஒரே சமயத்தில் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன்.

"செகாவா சான் ரொம்ப ஆர்வமா இருக்காங்க" என்றார் தோரியுமி.

"முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். அப்புறம் சீட் பெல்ட். விளக்கு மங்கலா இருக்கு, அதை மாத்தணும். ஏசி போடலாமா? அது கொஞ்சம் ஓவரோ? கப் ஹோல்டர் நிச்சயமா வேணும். காலையில காப்பியைத் தொடை இடுக்குல வச்சுட்டு ஓட்டினேன். இங்க பாருங்க, வெந்துபோச்சு." காட்டவும் தொடங்கினார். காது கேட்காத உறுப்பினர் மட்டும் பார்த்தார்.

"சற்று யோசிக்க வேண்டிய விஷயம்தான்" என்றேன் நான்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இப்படிச் சொன்னால், அந்தப் பேச்சை அடக்கம் செய்து மண் தள்ளியாயிற்று என்று அர்த்தம். இது எங்கள் ஊர்ச் சிறு குழந்தைக்கும் தெரியும்.

"சரி, நீங்க யோசிங்க. நான் அடுத்த வாரம் பிரேக்கை மாத்திடறேன்" என்றார் சயோகோ. "பதினேழு வளைவுங்க. ஆறரை மணிக்கு நான் குளத்தைத் திறக்கலேன்னா பிள்ளைங்க வெளியில நடுங்கிட்டு நிக்கும். அந்த இறக்கத்துல நிக்காத வண்டி எனக்கு எதுக்கு? அலமாரியில வைக்கிற பொம்மையா?"

அலமாரியில் வைக்கும் பொம்மைதான் என்று அங்கிருந்த அனைவரும் நினைத்தோம். யாரும் சொல்லவில்லை. நாங்கள் நாகரிகமானவர்கள்.

மெக்கானிக் ஹமாதா அந்த வேலையைச் செய்தான். கீழே ஆற்றோரம் பட்டறை வைத்திருப்பவன். கை சுத்தம், வாய் சுத்தமில்லை. டிஸ்க் பிரேக், சீட் பெல்ட், வெள்ளை விளக்குகள், கப் ஹோல்டர் எல்லாம் வந்தன. ஏசியை மட்டும் சயோகோவே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். நாளெல்லாம் தண்ணீரில் கிடப்பவருக்குக் குளிர்ச்சி எதற்கு என்றாராம்.

நான் கப் ஹோல்டரிலிருந்து தொடங்கினேன்.

செவ்வாய்க்கிழமைகளில் அவர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு வகுப்பெடுக்கப் பள்ளி வண்டியிலேயே போய்விடுவார். நீலக் கார் கொட்டகையில் நிற்கும். இரண்டு திருகுகளைக் கழற்றி, அதைச் செய்தித்தாளில் சுற்றி, தேதி எழுதி, என் அலமாரியில் வைத்தேன். திருடவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கழற்றிய ஒவ்வொன்றும் அந்த அலமாரியில் தேதியோடு இருக்கிறது. நீங்களே எடுத்துப் பார்த்தீர்கள். 'இவ்வளவு ஒழுங்கான திருடனை நான் பார்த்ததில்லை' என்று உங்கள் உதவியாளர் சொன்னார். பாராட்டை ஏற்கிறேன், சொல்லை ஏற்கவில்லை.

"முனகதா சான், நம்ம கொட்டகைக்குள்ள திருடன் புகுந்திருக்கான்" என்று சயோகோ மறுநாள் வந்து நின்றார். "அவ்வளவு பெரிய வண்டிய விட்டுட்டு கப் ஹோல்டரைத் தூக்கிட்டுப் போயிருக்கான். கஞ்சப் பய."

"கவலையாக இருக்கிறது" என்றேன். உண்மையாகவே கவலையாக இருந்தது, அவர் வேறொன்று வாங்கிவிடுவாரோ என்று. 'அந்நியர் நடமாட்டம், உறுப்பினர்கள் விழிப்புடன் இருக்கவும்' என்று ஓர் அறிவிப்பை என் கையாலேயே எழுதிக் கதவில் ஒட்டினேன்.

அடுத்த வாரம் இரண்டு குழி உள்ள கப் ஹோல்டர் வந்தது.

"ரெண்டு காப்பி குடிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு திருடனுக்கு. அடுத்த தடவ குடிச்சுட்டாவது போகட்டும்."

இதற்கெல்லாம் நான் சிரிப்பதில்லை. அதையும் கழற்றிவிட்டு, அடுத்து விளக்குகளை மாற்றினேன். வெள்ளை பல்புகளை எடுத்துவிட்டு, அந்தக் காலத்து மஞ்சள் பல்புகளைப் போட்டேன். கண்ணாடிக்குள் இருப்பதால் பார்த்தால் தெரியாது, எரியவிட்டால் ஓரளவு தெரியும். இரண்டு நாள் கழித்து அவர் தோரியுமியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"நேத்து சாயங்காலம் மூடுபனி. ஒன்பதாம் வளைவுல காட்டுப்பன்னி ஒண்ணு குறுக்க நின்னுச்சு. என் விளக்குல அது தெரியலைங்க. அதோட கண்ணு மின்னுச்சு பாருங்க, அதைப் பாத்துத்தான் நிறுத்தினேன். நல்லவேளை பிரேக்கு புதுசு. மூக்குக்கும் மூக்குக்கும் ஒரு சாண் இடம்."

தோரியுமி என்னைப் பார்த்தார். காட்டுப்பன்றி எந்த மாற்றமும் செய்யப்படாத உயிர் என்று நான் சொன்னேன்.

சீட் பெல்ட் விஷயத்தில் நான் தோற்றேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்தக் கார் வெளிவந்தபோது பெல்ட் கிடையாது. அந்தக் காலத்து வண்டிகளுக்குப் பெல்ட் தேவையில்லை என்று சட்டமே விலக்குத் தருகிறது. சட்டமே மதிக்கும் ஒன்றை ஒரு நீச்சல் ஆசிரியை மதிக்காதது எனக்கு வருத்தம். ஒரு செவ்வாயன்று பெல்ட்டுகளைக் கழற்றினேன். ஹமாதா மறுபடி மாட்டினான். மறுபடி கழற்றினேன். மூன்றாம் முறை அவன் போல்ட்டுகளின் தலையையே வெட்டிவிட்டுப் பற்றவைத்துவிட்டான்.

"இனிமே இதைக் கழட்டணும்னா திருடன் வண்டியோட அடிப்பாகத்தையே தூக்கிட்டுப் போகணும்" என்றான் என்னிடம். என்னைப் பார்த்தபடி சற்று நேரம் பல் குத்தினான். ஏதோ சந்தேகம் இருந்திருக்க வேண்டும்.

இடையில் ரட்சைப் பிரச்சினை வந்தது. சாலைப் பாதுகாப்புக்கென்று கோயிலில் தரும் பட்டுப் பை ரட்சையைக் காரின் முன்கண்ணாடி அருகில் சயோகோ தொங்கவிட்டிருந்தார். அது வண்டியின் உறுப்பா, வெளியிலிருந்து சேர்த்ததா? குழுவில் இரண்டு மணி நேரம் விவாதித்தோம். மற்ற இருவரில் ஒருவருக்குக் கேட்கவில்லை, ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரட்சை அனுமதிக்கப்படும், ஆனால் அது வண்டியின் ஆண்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று ஏகமனதாக முடிவெடுத்தோம். பழம்பொருள் சந்தையில் தேடி 1966ஆம் ஆண்டு ரட்சை ஒன்றை வாங்கினேன். நிறம் போய் இலை மக்கியதுபோல் இருந்தது. சிவப்பான புதியதை எடுத்துவிட்டு இதை மாட்டினேன். புதியது அலமாரியில், தேதியோடு.

இதெல்லாம் ஏன் என்று கேட்டீர்கள். விளக்குகிறேன். முழுக்க அசலான ஒன்பது வண்டிகள் ஒரே இடத்தில் இருந்தால் அதை ஒரு தொகுப்பாக நகர மரபுப் பட்டியலில் சேர்க்க இடமிருக்கிறது என்று அதைக் கவனிக்கும் நகரக் கல்விக்குழுவிலிருந்து ஒருவர் வந்து சொல்லியிருந்தார். சேர்த்தால் கொட்டகை வாசலில் ஒரு மரப்பலகை நடுவார்கள். அதில் ஆய்வுக்குழுத் தலைவரின் பெயர் மூன்றாம் வரியில் வரும். மாதிரிப் பலகையின் படத்தைக் காட்டினார்கள். எங்களிடம் அசல் வண்டிகள் எட்டு இருந்தன. ஒன்பதாவது நீலக் கார், ஒற்றை இலக்கத் தகட்டோடு. பெல்ட்டைப் பட்டியல் விதி பொருட்படுத்தாது. தடையாக நின்றவை முன்சக்கரங்களுக்குள் இருந்த டிஸ்க் பிரேக்கின் இரண்டு வட்டத் தகடுகள். பட்டியல் குழுவினர் இலையுதிர்கால ஊர்வலத்துக்கு வருவதாக இருந்தது.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்வலத்துக்கு முந்தைய புதன் மாலைக்குள் எல்லாரும் வண்டிகளை ஆய்வுக்குழுவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஞாயிறு காலை வரை உரிமையாளர்கூட உள்ளே வரக் கூடாது. ஆய்வு முடிந்த வண்டியின் கதவில் காகித முத்திரை ஒட்டுவோம். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் நானல்ல, எனக்கு முன்பிருந்தவர். அவர் அதை வண்டிகளைத் துடைத்து வைக்கப் பயன்படுத்தினார்.

அந்த 1966ஆம் ஆண்டுக் காருக்கான முன்சக்கர டிரம் பிரேக்குகள், எண்ணெய்த் தாளில் சுற்றியபடியே, ஒருமுறைகூடப் பயன்படுத்தாதவை, உதிரிபாகச் சந்தையில் ஒருவரிடம் எனக்குக் கிடைத்திருந்தன. அசலா என்று கேட்டேன். "பாத்தா தெரியலையா?" என்றார். தெரிந்தது.

வியாழனும் வெள்ளியும் வேலை செய்தேன். பழுதுபார்ப்புக் கையேடு அசல் பதிப்பு, 1966, என்னிடம் இருந்தது. ஒவ்வொரு பக்கமும் அதன்படியே. ஓரிடத்தில் மட்டும் இருவர் வேண்டும் என்று போட்டிருந்தது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் அடியில் திருகைத் திறந்து குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். நான் ஒருவன்தான். பெடலுக்கும் இருக்கைக்கும் இடையில் துடைப்பக் கட்டையை முட்டுக்கொடுத்தேன். கட்டை இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை நின்றது. 'பிரேக்கைப் பழுதாக்கினார்' என்று உங்கள் தாளில் இருப்பதை இங்கே மறுக்கிறேன். நான் அதை 1966க்குத் திருப்பினேன்.

சனிக்கிழமை காலை ஹமாதா கொட்டகை வாசலுக்கு வந்தான்.

"முனகதா சான், ஒரு தடவ குனிஞ்சு சக்கரத்தைப் பாத்துட்டுப் போயிடறேன். நாளைக்கு எல்லாரும் ஒட்டுக்கா இறங்கப் போறாங்க, மனசு கேக்கல."

"முத்திரை வைத்தாயிற்று."

"நான் கதவைத் தொறக்கப் போறதில்லங்க. கீழதானே?"

"கீழும் வண்டியின் பகுதிதான்."

"உங்களைப் பெத்தவங்க அச்சடிச்சு விட்டாங்களா, இல்ல ரப்பர் ஸ்டாம்பா குத்தி விட்டாங்களா?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிற்பகலில் வண்டிகளுக்குப் பூசை செய்யக் கோயில் பூசாரி வந்தார். அன்று மட்டும் முத்திரைகளை நானே பிரிப்பேன். எல்லா வண்டிகளின் கதவுகளையும் முன்மூடியையும் பின்மூடியையும் திறந்து வைப்போம். தோரியுமி மட்டும் தம் பின்மூடியைத் திறக்க வேண்டாம், தாழ் துருப்பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பியிருந்தார். பூசாரி வெள்ளைக் காகிதச் சாமரத்தை ஒவ்வொன்றின் மேலும் அசைத்துக்கொண்டே வந்தவர், நீலக் காரின் முன் நின்று குனிந்து பார்த்தார்.

"இந்த ரட்சை யாரோடது? காலாவதியாகி ஐம்பத்தாறு வருஷம் ஆச்சே."

"அது அசல், சாமி."

"அசலா இருக்கலாம். இதுக்குச் சக்தி ஒரு வருஷத்துக்குத்தான். வருஷா வருஷம் பழசைக் கோயில்ல கொடுத்துட்டுப் புதுசு வாங்கிக்கணும். எங்கிட்ட புதுசு இருக்கு, மாட்டிடட்டுமா?"

"ஆய்வு முடிந்துவிட்டது."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த வண்டியின் மேல் மட்டும் சாமரத்தை இன்னும் மூன்று முறை அசைத்தார்.

ஞாயிறு காலை வெயில் நன்றாக இருந்தது. சயோகோ குளத்து நீல மேலங்கியோடு வந்து உட்கார்ந்து, முதலில் பெல்ட்டைப் போட்டார். அது என் கண்ணை உறுத்தியது. பிறகு பெடலை மிதித்தார். மறுபடி மிதித்தார். கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"பெடல் கொஞ்சம் ஆழமாப் போகுதே. புதன்கிழமை இப்படி இல்லையே?"

"நான்கு நாள் நின்ற வண்டி. இரண்டு வளைவு போனால் சரியாகிவிடும்."

இதை நான் சொன்னேன். மறுக்கவில்லை. பெடல் ஏன் அப்படிப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியுமா என மூன்று முறை கேட்டீர்கள். தெரியும். பெடல் ஆழமாகப் போவதுதான் 1966 என்றும் அன்று நினைத்தேன். அந்த ஆண்டு மனிதர்கள் இப்படித்தான் மிதித்திருப்பார்கள், இன்று ஒருவர் அதை அப்படியே மீண்டும் உணர்கிறார் என்பது எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

"நீங்களும் வாங்களேன். பக்கத்து சீட்டு சும்மாதானே கிடக்கு, பெல்ட்டும் இருக்கு" என்றார்.

எனக்குக் கீழே கொடியசைக்கும் பணி இருப்பதாகச் சொன்னேன். சங்கம் வாடகைக்கு எடுத்த மினிபஸ்ஸில் முன்பே இறங்கிவிட்டேன். அதன் பிரேக் நன்றாக இருந்தது.

ஊர்வலத்தில் முதலில் தலைவரின் வெள்ளைக் கார். இரண்டாவது நீலக் கார், தகட்டுக்காக. பதினேழாவது வளைவு முடிந்ததும் கோயில் வாசல் வரை ஒரு நேர் இறக்கம். இடப்பக்கம் ஆற்றின் கரைச்சுவர். வலப்பக்கம் நீச்சல் வகுப்புப் பிள்ளைகள், கையில் காகிதக் கொடிகளோடு. நாற்பத்திரண்டு பேர். பட்டியல் குழுவினர் வரும்போது கூட்டம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவர்களை அங்கே வரிசையாக நிறுத்தியவன் நான். வரிசை நேராக இருக்க வேண்டும் என்று சாலையோர வெள்ளைக் கோட்டின்மேல் நிற்கவைத்தேன்.

வெள்ளைக் கார் கோயில் வாசலில் வந்து நின்றது. பின்னாலிருந்து விடாத ஹாரன் சத்தம் கேட்டது. வளைவைத் தாண்டி வந்த நீலக் காரின் முன்சக்கரங்களிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. முதலில் அதை நான் அலங்காரம் என்று நினைத்தேன். சயோகோ கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, குளத்தில் கத்துவதுபோல் கத்தினார்.

"எல்லாரும் ஏறு! வரப்புல ஏறு!"

அந்தக் குரலுக்குப் பிள்ளைகள் பழகியிருந்தார்கள். ஒரே நொடியில் நாற்பத்திரண்டு பேரும் பின்னாலிருந்த கல்வரப்பில் ஏறிவிட்டார்கள். கொடிகள்தான் சாலையில் கிடந்தன. இருந்தாலும் அவர் அந்தப் பக்கம் திருப்பவில்லை. ஆற்றுப் பக்கமும் திருப்பவில்லை. நேராக வந்து தலைவரின் காரில் மோதினார்.

"வலப்பக்கம் பிள்ளைங்க, இடப்பக்கம் ஆறு, எதுக்க தலைவர்" என்று பிறகு மருத்துவமனையில் எல்லாரிடமும் சொன்னார். "தலைவர் கெட்டியான ஆளுன்னு நம்பிப் போட்டேன்."

தலைவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது, முன்பற்கள் இரண்டு போயின. அவர் காரில் பெல்ட் இல்லை, அசல் என்பதால். சயோகோவுக்குத் தோளெலும்பு ஒன்று உடைந்தது, பெல்ட் பிடித்த இடத்தில். நான் முதலில் ஓடியது தகட்டிடம். வளைந்திருந்தது, எண் தெரிந்தது. இதைச் சாட்சிகள் வேறுவிதமாகச் சொல்லியிருக்கக்கூடும். அவர்கள் சொன்னதும் சரிதான்.

அப்போதுதான் வெள்ளைக் காரின் பின்மூடி பிளந்திருப்பதைப் பார்த்தேன். உள்ளே ஏசி இயந்திரம் இருந்தது. ப்ளூடூத் ஸ்பீக்கர் இருந்தது, இன்னும் பாடிக்கொண்டிருந்தது. இருக்கைகளுக்கு நடுவே மடித்து மறைக்கும்படி கப் ஹோல்டர், மூன்று குழி. பட்டியல் குழுவினர் பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். அன்று எனக்கு நேர்ந்த காயத்தை எந்த மருத்துவரும் குறித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சிவப்பு அவரைப் பயற்றில் செய்த அல்வாப் பெட்டிகள் இரண்டை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். தலைவர் கட்டிலில் காலைக் கயிறு கட்டித் தொங்கவிட்டபடி இருந்தார்.

"முனகதா" என்றார், பல் போன இடத்தில் காற்று வர. "அந்த ஏஃபி விஃயம் நமக்குள்ள இருக்கட்டும்."

சான்றிதழைத் திருப்பித் தருமாறு கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சயோகோவின் அறையில் ஹமாதா இருந்தான். மேசைமேல் என் டிரம் ஒன்று, துணியில் சுற்றி. உங்களுக்கு முன்பே அவன் கழற்றிப் பார்த்துவிட்டிருந்தான்.

"கப் ஹோல்டர் நீங்கதானா?" என்று கேட்டார் சயோகோ. கத்தவில்லை. அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"ஆமாம்."

"லைட்டு?"

"ஆமாம்."

"எங்கம்மா வாங்கிக் கொடுத்த ரட்சை?"

"பத்திரமாக இருக்கிறது. தேதி போட்டிருக்கிறேன்."

"தேதி போட்டிருக்காராம்" என்றார் ஹமாதாவிடம். பிறகு என்னிடம், "ஏங்க, அந்தக் கோட்டு மேல யாரு நின்னான்னு தெரியுமா? எங்கிட்ட மூச்சு விடக் கத்துக்கிட்ட பிள்ளைங்க. ஒவ்வொண்ணுக்கும் பேரு தெரியும் எனக்கு. உங்களுக்கு ஒண்ணோட பேராவது தெரியுமா?"

தெரியாது. நாற்பத்திரண்டு என்று எண்ணிக்கை தெரியும். சொன்னேன்.

அல்வாப் பெட்டியை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஹமாதாதான் டிரம்மைத் தூக்கிக் காட்டினான்.

"நீங்க கழட்டி வச்சீங்களே டிஸ்க் பிரேக்கு, அது எதுன்னு நெனச்சீங்க? அந்தக் கம்பெனியே அதே வருஷம், அதே வண்டிக்கு, கேக்கறவங்களுக்குத் தனியாப் போட்டுக் கொடுத்தது. மூணு மாசம் தேடி, மூடின ஒரு கடையோட கிடங்குல புடிச்சேன். அறுபத்தாறு. டப்பாவோட. அந்த வண்டியில அதைவிட அசலா ஒண்ணும் கிடையாது."

டிரம்மைப் பற்றி அவன் ஏதும் சொல்லாமல் சயோகோவைப் பார்த்தான். அவர் தலையசைத்தார், விட்டுவிடு என்பதுபோல். நீங்கள் விடவில்லை. உங்கள் ஆய்வக அறிக்கையின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது: டிரம்மின் உட்புறம் பொறித்திருக்கும் சிறிய எழுத்துகளின்படி, அது வெளிநாட்டில், சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் செய்யப்பட்ட நகல். முப்பத்தேழு ஆண்டுகள் நான் அசலையும் நகலையும் பிரித்துக் கொடுத்தவன் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்க வேண்டுமானால் அடித்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். செகாவா சயோகோவின் காரில் இருந்த வேலை செய்யும் பிரேக்கை எடுத்துவிட்டு, வேலை செய்யாத ஒன்றை மாட்டியவன் நான். அது ஆழமாகப் போகிறது என்று அவர் சொன்னபோது போகச் சொன்னவனும் நான். பிள்ளைகளைக் கோட்டின்மேல் நிறுத்தியவனும் நான். காரணம், ஒரு மரப்பலகையின் மூன்றாம் வரி. அதை நான் மரபு என்று அழைத்துவந்தேன்.

உங்கள் தாளில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டபோது நான் தேநீர் கேட்டேன். மருத்துவமனையில் ஹமாதாவும் கதவுவரை வந்து அதையே கேட்டான், நான் படியிறங்கிவிட்டேன். பிரேக்கை மாட்டிய பிறகு, அந்த இறக்கத்தில் வேண்டாம், கொட்டகை முற்றத்திலாவது ஒருமுறை காரை ஓட்டிப் பார்த்தீர்களா, இல்லையென்றால் ஏன்?

ஓட்டிப் பார்க்கவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.